வேர்ட் கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்புவது எப்படி: எழுத்தும் அமைப்பும் குலையாமல் போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுப்பவரிடம் வராத வேலை கிடையாது. ஆலய ஆண்டுக் கூட்ட அறிக்கை, கும்பாபிஷேகச் சிறப்பு மலர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதம், நில அலுவலகத்துக்கு மலாயில் ஒரு மனு, பதினாறாம் நாள் காரிய அழைப்பு, வேலை தேடும் பிள்ளைகளின் தன்விவரம் என்று எல்லாம் வரும். பெரும்பாலும் இவை வேர்டில் உருவாகி வாட்ஸ்அப்பில் போகின்றன. போன இடத்தில்தான் சிக்கல். நம் கணினியில் ஆறு பக்கமாக இருந்த அறிக்கை செயலாளரின் மடிக்கணினியில் எட்டுப் பக்கமாக நீள்கிறது. வரவு செலவு அட்டவணை பக்கத்தை விட்டு வெளியே ஓடுகிறது. “தம்பி, எழுத்தெல்லாம் கட்டங் கட்டமா தெரியுதேப்பா” என்று ஆலயத் தலைவர் கூப்பிடுகிறார்.

அவர் கண்ணுக்குப் படுவது உழைப்பின் குறையாகத்தான் இருக்கும். அதனால் இந்த விஷயத்தை எல்லாம் தட்டச்சு செய்து முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. முதல் வரியை அடிக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது.

ஏன் குலைகிறது

வேர்ட் கோப்புக்குள் பக்கத்தின் படம் இல்லை. 2007ஆம் ஆண்டு ஆஃபிஸோடு வந்த டாக்எக்ஸ் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொதி. ஒரு நகல் எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: உரை ஒரு கோப்பிலும், பாணிகள் (ஸ்டைல்கள்) இன்னொன்றிலும், படங்கள் ஒரு தனி அடைவிலும் இருக்கும். எழுத்துருவின் பெயர் மட்டும் எழுதியிருக்கும்; எழுத்துரு அதில் இருக்காது. கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைத்து அனுப்புவது போலத்தான் இது. கோடு போடுவது பெறுபவரின் கணினி. அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் அகலம் வேறு, வரி உயரம் வேறு. எனவே வரி மடிவதும் பக்கம் முறிவதும் மாறிவிடும்.

தமிழில் இது ஆங்கிலத்தையும் மலாயையும்விடக் கடுமையாகத் தெரியும். ஒரே 12 புள்ளி அளவில் இரண்டு தமிழ் எழுத்துருக்களை அருகருகே வைத்துப் பாருங்கள், அகலத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று புரியும். லதா என்ற எழுத்துருவில் அடித்த ஒரு பத்தியை வேறொரு எழுத்துருவுக்கு மாற்றினால் சில வரிகள் கூடவோ குறையவோ செய்வது வழக்கம்.

படி 1: அவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள்

“அக்கா, இதப் படிச்சிட்டு கையெழுத்துப் போடப் போறீங்களா, இல்ல நீங்களே திருத்துவீங்களா?” இந்த ஒரு கேள்வி பாதிச் சிக்கலைத் தீர்க்கும்.

படிக்கவும் அச்சிடவும் மட்டும் என்றால் பிடிஎஃப். திருத்தப் போகிறார் என்றால் எழுத்துரு பதித்த டாக்எக்ஸ், கூடவே பார்வைக்கு ஒரு பிடிஎஃப். ஈப்போவில் உள்ள அச்சகத்துக்குப் போய் அங்கே பக்க வடிவமைப்பு செய்யப் போகிறார்கள் என்றால், எளிய பாணியில் உரை தனியாக, படங்கள் தனியாக, உங்கள் மனத்தில் உள்ள அமைப்பைக் காட்ட ஒரு பிடிஎஃப். பல பேர் ஒரே நேரத்தில் கை வைக்கப் போகிறார்கள் என்றால் ஒன்டிரைவ் அல்லது கூகுள் டாக்ஸ் இணைப்பு.

எந்தக் கருவியில் திறப்பார் என்பதையும் கேட்டுவிடுங்கள். இங்கே பலரிடம் கணினியே இல்லை. கைப்பேசியில் டபிள்யூபிஎஸ் ஆஃபிஸோ கூகுள் டாக்ஸோதான். அவர்களுக்கு வேர்ட் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு அமைப்பு மாறாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படி 2: உரை யூனிகோடில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

யூனிகோட் என்பது எல்லாக் கணினிகளும் ஒரேபோல் புரிந்துகொள்ளும் பொது எழுத்துக் குறியாக்கம். இந்த நாட்டுக்குத் தமிழ்க் கணிமையில் தனி இடம் உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துருவும் அவர் கைவண்ணமே. கணினியில் தமிழ் அடிப்பது இங்கே சீக்கிரமே பரவியது. அதன் மறுபக்கமாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் ஆலய அலமாரிகளிலும் பள்ளிக் கணினிகளிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய மலரிலிருந்து தல வரலாற்றை எடுத்து வெட்டி ஒட்டும்போது அவை உங்கள் புதிய கோப்புக்குள் நுழைந்துவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி: சந்தேகமான பத்தியைத் தெரிவு செய்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோட். பொருளில்லாத ரோமன் எழுத்தும் குறியுமாக மாறினால் பழைய குறியாக்கம். டிஸ்கி, பாமினி, தாப் என்று அதில் பல வகை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வாடிக்கையாளர் பார்ப்பதும் இந்தக் குப்பையைத்தான்.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் எந்தக் குறியாக்கம் என்று சரியாகத் தெரிவு செய்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். நடுவில் வரும் ஆங்கில, மலாய்ச் சொற்களையும் தமிழ்க் குறியீடு என்று எடுத்துக்கொண்டு அந்த மாற்றிக் கருவி உருமாற்றிவிடும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, மேற்கோள் குறிகள் ஆகியவற்றையும் தனியாகப் பாருங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர் தம் பெயரைத்தான் முதலில் தேடுவார்.

படி 3: எங்கும் கிடைக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்

லதா விண்டோஸ் 2000 முதல் கூடவே வந்ததால் எல்லாரிடமும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்’ என்ற விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காத புதுக் கணினியில் அவை இல்லாமலே போகலாம். விண்டோஸ் 8 முதல் நிலையாக இருப்பது நிர்மலா யுஐ. மேக்கில் அதுவும் இருக்கும் என்று நம்ப முடியாது.

என் பரிந்துரை நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ். இலவசம், திறந்த உரிமம் என்பதால் கோப்புக்குள் பதிக்கத் தடையில்லை, கூகுள் டாக்ஸிலும் கிடைக்கும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தமிழைக் காட்டப் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான். பதிவிறக்கும் பொதியில் ‘ஸ்டாடிக்’ என்ற அடைவு இருந்தால் அதிலுள்ள ரெகுலர், போல்ட் இரண்டையும் நிறுவுங்கள். ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய வேரியபிள் வகை வேர்டில் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

எழுத்துருவை அமைக்கும்போது கண்ட்ரோல், டி இரண்டையும் அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறங்கள். அங்கே ‘லத்தின் டெக்ஸ்ட்’, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இரண்டு பகுதிகள் இருக்கும். தமிழ் இரண்டாவதில் வருகிறது. அளவும் அங்கே தனி. மேலே மலாய், கீழே தமிழ் என்று இருமொழிக் கடிதம் அடிக்கும்போது முதலாவதை மட்டும் மாற்றிவிட்டுப் போனால், தமிழ் எழுத்து வேர்டின் இயல்பு எழுத்துருவிலேயே தங்கிவிடும். இரண்டையும் அமைத்து, ‘நார்மல்’ பாணியிலேயே சேமித்துவிடுங்கள்.

படி 4: குலையாதபடி கட்டுங்கள்

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்த கடிதம் எழுத்துரு மாறிய நொடியே கோணும். கையெழுத்துக் கோடு, தேதி, ‘தலைவர்’, ‘செயலாளர்’ என்று அருகருகே வரவேண்டியவற்றைக் கோடில்லாத அட்டவணையில் வையுங்கள். புதிய பக்கம் வேண்டுமென்றால் என்டரை அடுக்காமல் கண்ட்ரோலோடு என்டரை ஒருமுறை அழுத்துங்கள். தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ பாணிகள். தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாக நின்றுவிடாமல் அவை தாமே பார்த்துக்கொள்ளும்.

காகித அளவைச் சரிபாருங்கள். நாம் புழங்குவது ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்க வார்ப்புருவில் தொடங்கிய கோப்பு லெட்டர் அளவில் இருக்கும். அது ஏ4ஐவிட ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குட்டை, 6 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். இணையத்திலிருந்து இறக்கிய தன்விவர மாதிரிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

வரி இடைவெளிக்கு ஒரு தமிழ் நுணுக்கம் உண்டு. ‘சிங்கிள்’ என்று விட்டால் வரியின் உயரத்தை எழுத்துருவே முடிவு செய்யும்; எழுத்துரு மாறினால் பக்கக் கணக்கும் மாறும். ‘எக்ஸாக்ட்லி’ என்று ஒரு நிலையான அளவு கொடுத்தால் அந்த ஆட்டம் குறையும். ஆனால் இடைவெளி போதாவிட்டால் கி, கீ ஆகியவற்றின் மேல்வளைவும் கு, கூ ஆகியவற்றின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளியில் தொடங்கி, ‘சூ’, ‘ணீ’, ‘ஞூ’ வரும் வரிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

வரவு செலவு அட்டவணைதான் அதிகம் அடிபடும் பகுதி. அட்டவணையின் ப்ராபர்ட்டீஸில் ஆப்ஷன்ஸுக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்லி ரீசைஸ் டு ஃபிட் கான்டென்ட்ஸ்’ என்பதை எடுத்துவிடுங்கள். நெடுவரிசை அகலத்தைச் சென்டிமீட்டரில் கொடுங்கள். ஒரு வரிசை இரண்டு பக்கங்களில் பிளவுபடுவதைத் தடுக்கும் தேர்வும், தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும் தேர்வும் அங்கேயே ‘ரோ’ பகுதியில் உள்ளன. ரிங்கிட் தொகைகளை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள்.

படங்களை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வைத்தால் அவை எங்கும் நகர்ந்து ஓடாது. மிதக்கும் படமும் உரைப் பெட்டியும் கூகுள் டாக்ஸில் இடம் மாறுவது சகஜம். படத்தைச் செருகும்போது ‘லிங்க் டு ஃபைல்’ தேர்வானால் வாடிக்கையாளரிடம் வெறும் கட்டம்தான் போகும். இன்னொன்று: வேர்ட் படங்களைச் சேமிக்கும்போது இயல்பாக 220 பிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 220 படப்புள்ளி) குறைத்துவிடுகிறது. மலர் அச்சுக்குப் போகிறதென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் வழியே போய் ‘டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சர்ட் பட்டியிலிருந்து தேதி போடும்போது ‘அப்டேட் ஆட்டோமேட்டிக்லி’ குறியிட்டிருந்தால், மார்ச்சில் எழுதிய மனு ஜூனில் திறக்கும்போது ஜூன் தேதியைக் காட்டும். சங்கப் பதிவிலாகாவுக்கோ நில அலுவலகத்துக்கோ போகும் கடிதத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, ஆவணத்தின் உள்ளடக்கமே மாறுகிறது. தேதியைக் கையால் அடியுங்கள். நன்கொடையாளர்களுக்கு மெயில் மெர்ஜில் (ஒரே கடிதத்தைப் பெயர்ப்பட்டியலோடு இணைத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆக்கும் வசதி) செய்த கடிதங்களையும் அப்படியே அனுப்பாமல், ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’ மூலம் தனிக் கோப்பாக்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் பெயர்ப்பட்டியல் உங்கள் கணினியில், கடிதம் அவர் கணினியில் என்றாகிவிடும்.

படி 5: அனுப்புமுன் துப்புரவு

ரிவியூ பட்டியில் ‘நோ மார்க்கப்’ என்று வைத்தால் திருத்தங்கள் கண்ணுக்கு மறையும். கோப்பை விட்டுப் போகாது. வாடிக்கையாளர் திறந்ததும் சிவப்புக் கோடுகளும் “இந்தக் கணக்கு சரியா?” என்று நீங்கள் உள்ளுக்குள் எழுதிய குறிப்பும் அவர் முன்னே வந்து நிற்கலாம். எல்லாத் திருத்தங்களையும் ஏற்று அல்லது மறுத்து, கருத்துகளை நீக்குங்கள்.

அடுத்து ஃபைல், இன்ஃபோ, ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’. மறைந்த உரை, எழுதியவர் பெயர் எல்லாவற்றையும் அது தேடித் தரும். இதை நகலில் செய்யுங்கள், நீக்கியதில் சிலவற்றைத் திரும்பப் பெற முடியாது. ஒருவரின் மனுவை வைத்தே அடுத்தவருக்கு அடிக்கும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. முந்தையவரின் ஐசி (அடையாள அட்டை) எண் எங்கோ ஓர் அடிக்குறிப்பில் தங்கிவிட்டால் அது பெரிய தவறு. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 முதல் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பி ஐசியைக் கொடுத்தவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

படி 6: பிடிஎஃப் எடுப்பது

பிரிண்டர் பட்டியலிலுள்ள பிடிஎஃப்பைவிட, ‘சேவ் அஸ்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ வழியே எடுப்பது நல்லது. இணைப்புகள் உயிரோடு இருக்கும். தலைப்புகளைப் புத்தகக்குறிகளாக்கவும் முடியும். அங்கே ஆப்ஷன்ஸில் ‘ஐஎஸ்ஓ 19005-1’ அல்லது ‘பிடிஎஃப்/ஏ’ என்ற தேர்வு இருக்கும். நீண்டகாலம் பாதுகாக்கும் ஆவணங்களுக்கான பிடிஎஃப்/ஏ வடிவம் அது. எழுத்துருக்கள் உள்ளே பதிந்தே ஆகவேண்டும் என்பது அதன் விதி. ஆலயப் பதிவேட்டுக்குப் போகும் அறிக்கைகளுக்கு இதையே பயன்படுத்துங்கள். எடுத்தபின் அக்ரோபேட் ரீடரில் ப்ராபர்ட்டீஸ், ஃபாண்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருப் பெயருக்கும் பக்கத்தில் ‘எம்பெடட்’ என்ற சொல் இருக்க வேண்டும்.

பிடிஎஃப்பில் ஒரு குறை உண்டு, வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தமிழ் அழகாக இருந்தாலும், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து சிதைவது வழக்கம். எனவே உரையைப் பின்னால் எடுத்துப் பயன்படுத்த நினைப்பவருக்குப் பிடிஎஃப் மட்டும் போதாது. சில ஆண்டுகள் கழித்து அடுத்த நிர்வாகம் மலர் போடும்போது முழுவதையும் மறுபடி அடிக்கும் நிலை வரும்.

படி 7: திருத்தக் கொடுக்கும் கோப்பில் எழுத்துருவைப் பதிப்பது

ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். அங்கே ‘எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்’ என்பதைக் குறியிடுங்கள். அதன் கீழே இரண்டு துணைத் தேர்வுகள். ‘பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி’ என்ற முதலாவதைத் தொடாதீர்கள். அதைக் குறியிட்டால் வாடிக்கையாளர் புதிதாக அடிக்கும் சொல்லுக்கு எழுத்து இல்லாமல் போகலாம். ‘பொதுவான சிஸ்டம் எழுத்துருக்களைப் பதிக்காதே’ என்பதையும் எடுத்துவிடுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும், பரவாயில்லை.

எல்லா எழுத்துருவையும் பதிக்க முடியாது. சிலவற்றின் உரிமம் தடுக்கும். பதித்ததையும் பெரும்பாலும் வேர்டின் கணினிப் பதிப்புகளே மதிக்கும், கூகுள் டாக்ஸ் கண்டுகொள்ளாது. படி 3இல் எழுத்துருத் தேர்வை அவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான்.

வாடிக்கையாளர் கை வைத்த இடம் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால், ரிவியூவில் ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ போய் ‘ட்ராக்ட் சேஞ்சஸ்’ என்று வைத்துக் கடவுச்சொல் கொடுங்கள். அவர் எதையும் மாற்றலாம், மாற்றியது எல்லாம் தடமாக நிற்கும்.

படி 8: அனுப்புவது

வாட்ஸ்அப்பில் எப்போதும் ‘டாக்குமென்ட்’ என்றே அனுப்புங்கள். பக்கத்தைப் படமெடுத்துப் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவிழக்கும். மலருக்கான புகைப்படங்களை வாங்கும்போதும் இதே பேச்சு: “அண்ணே, ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்ல போட்டு அனுப்புங்க.” மின்னஞ்சலில் ஜிமெயிலின் எல்லை 25 எம்பி, அதற்கு மேல் டிரைவ் இணைப்பாகிவிடும். தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இணையம் விட்டு விட்டு வரும், ஆகவே இணைப்பைவிடக் கோப்பே மேல். ஒருமுறை இறங்கிவிட்டால் அது அவர் கையில்.

கோப்பின் பெயரில் ரோமன் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், தேதியும் பதிப்பு எண்ணும் சேர்த்து. ஜிப் செய்து அனுப்பும்போது தமிழ்ப் பெயர்கள் சில கணினிகளில் குலைகின்றன.

வாடிக்கையாளருக்குப் போகுமுன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். முடிந்தால் நீங்கள் நிறுவிய எழுத்துரு இல்லாத வேறொரு கணினியிலும் பாருங்கள். கோப்போடு எத்தனை பக்கம் என்றும் ஒரு வரி எழுதுங்கள்: “ஐயா, மொத்தம் 6 பக்கம், கடைசிப் பக்கத்துல கையெழுத்து இடம் இருக்கு.” எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அச்சிடுமுன் அவரே கூப்பிடுவார்.

படி 9: திரும்பி வந்ததும்

வந்த கோப்பை உங்கள் மூலத்தின் மேல் சேமிக்காதீர்கள். ரிவியூவில் ‘கம்பேர்’ என்பதில் அனுப்பியதையும் வந்ததையும் கொடுங்கள். வித்தியாசம் முழுவதும் வரிவரியாகத் தெரியும். அவர் சொல்லாமல் மாற்றிய தொகையும், கைப்பேசிச் செயலி தவறவிட்ட அடிக்குறிப்பும் இதில்தான் அகப்படும். திருத்தங்களை உங்கள் மூலக் கோப்பில் ஏற்றுங்கள். டபிள்யூபிஎஸ்ஸிலும் கூகுளிலும் போய் வந்த கோப்பையே அடுத்த பதிப்பாக்கினால் பாணிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பும்.

“சரியா வரலியே” என்று கூப்பிட்டால்

முதலில் திரைப்பிடிப்பு ஒன்று கேளுங்கள். எந்தச் செயலி என்றும் கேளுங்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் என்றால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை, பிடிஎஃப் அனுப்புங்கள். ரோமன் குப்பை என்றால் பழைய குறியாக்கம், படி 2. பக்க எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தால் எழுத்துருவோ காகித அளவோ. உங்களிடம் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பகுதியில் ‘ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்’ என்ற பொத்தான் இருக்கிறது. வந்த கோப்பில் எந்த எழுத்துரு இல்லை, பதிலாக எது போடப்பட்டது என்று அது காட்டும்.

பல நேரம் கோப்பில் குறையே இருக்காது. மின்னஞ்சலில் வந்த கோப்பை வேர்ட் வாசிப்புப் பார்வையில் திறந்து வரிகளைத் திரைக்கேற்ப மடித்துக் காட்டும்; ‘வியூ’ போய் ‘பிரிண்ட் லேஅவுட்’ அழுத்தச் சொல்லுங்கள். கைப்பேசி வேர்டிலும் இப்படி இரண்டு பார்வைகள் உண்டு. மேலே மஞ்சள் பட்டை தெரிந்து திருத்த முடியவில்லை என்றால் ‘எனேபிள் எடிட்டிங்’. தமிழ்ச் சொற்களுக்கு அடியில் சிவப்பு நெளிகோடு ஓடுகிறது என்று பதறுபவரிடம், அது எழுத்துப்பிழை திருத்தியின் வேலை, அச்சில் வராது என்று சொல்லுங்கள். அடுத்த கோப்பை அனுப்புமுன் ஆப்ஷன்ஸில் ‘ப்ரூஃபிங்’ பகுதியில் அந்தக் கோப்புக்கு மட்டும் அதை மறைத்துவிட்டால் அந்த அழைப்பும் வராது.